டிஜிட்டல் படத்துக்குக் கருப்பு வெள்ளை பிலிம் தோற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படங்களைக் கருப்பு வெள்ளையாக மாற்றுவது பற்றி நண்பர்களும் புதிதாகக் கேமரா பிடிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. சில ஆண்டுகள் இருட்டறையில் பிலிம் கழுவி பிரிண்ட் போட்டவன் நான். பிறகு அதே வேலையைக் கணினியில் கற்றுக்கொண்டேன். இரண்டு இடத்திலும் வரிசை ஒன்றுதான்: எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பது முதலில், வெளிச்சமும் இருளும் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்பது அடுத்து, கிரெயின் (பிலிம் படத்தில் தெரியும் மணல் போன்ற நுண்புள்ளிகள்) கடைசியில். என்னிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் கிரெயினில் தொடங்கியவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

கலரை எடுத்துட்டா கருப்பு வெள்ளை வந்துடுதே, அதுக்கு மேல என்ன இருக்கு?

பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு செம்பருத்தி. கண்ணுக்கு இதைவிடப் பளிச்சென்ற காட்சி கிடையாது. கணினி ஒவ்வொரு புள்ளியையும் 0 முதல் 255 வரையான மூன்று எண்களாக வைத்திருக்கும்; சாம்பலில் 0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை. பூவின் ஒரு புள்ளியில் சிவப்பு 200, பச்சை 30, நீலம் 40 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து இலையில் சிவப்பு 60, பச்சை 105, நீலம் 40. நிறத்தை நீக்கச் சொன்னால் பல மென்பொருள்கள் சிவப்பில் 29.9%, பச்சையில் 58.7%, நீலத்தில் 11.4% எடுத்துக் கூட்டும். கணக்குப் போட்டால் பூவுக்கு 82, இலைக்கு 84. அதாவது பூ இலைக்குள் காணாமல் போய்விட்டது.

இப்போது அதே படத்தில் சிவப்புச் சேனலை, அதாவது சிவப்பு எண்ணை, மட்டும் சாம்பலாக்கினால் பூ 200, இலை 60. வெள்ளைப் பூ இருட்டில் மிதக்கும். பச்சைச் சேனலை மட்டும் எடுத்தால் பூ 30, இலை 105. கரும்பூ, வெளிர் இலை. ஒரே படத்திலிருந்து மூன்று வெவ்வேறு படங்கள். இவற்றில் எது வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் கருப்பு வெள்ளை மாற்றத்தின் உயிர். நிறநீக்கப் பொத்தான் அந்தத் தீர்மானத்தை உங்களைக் கேட்காமலே எடுத்துவிடுகிறது.

பிலிம் மாதிரி இருக்குன்னு சொல்றாங்களே, எதை வச்சு அப்படிச் சொல்றாங்க?

மூன்று விஷயங்கள் சேர்ந்து அந்த உணர்வைத் தருகின்றன. ஒன்று, பிலிம் நிறங்களைப் பார்க்கும் விதம். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பே தெரியாது. அதனால் உதடு கருக்கும், வானம் வெளுக்கும். பிறகு வந்த பான்குரோமாட்டிக் பிலிம் எல்லா நிறங்களையும் பதிவு செய்யும், ஆனாலும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு சாய்வு உண்டு.

இரண்டாவது, வளைகோடு. பிலிமில் விழும் வெளிச்சத்துக்கும் அதில் படியும் கருமைக்கும் உள்ள உறவை ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1890இலேயே கோடாக வரைந்து காட்டினார்கள். அது நீட்டிய எஸ் எழுத்துபோல இருக்கும். அதனால் ஜன்னல் வெளிச்சம் போன்ற பிரகாசமான இடங்கள் பிலிமில் மெல்ல மெல்ல வெள்ளையாகும். டிஜிட்டல் சென்சார் ஓர் எல்லை வரை நேராகப் போய், சட்டென்று வெட்டிக்கொண்டு வெறும் வெள்ளையாகிவிடும். 'இது டிஜிட்டல்' என்று பார்த்தவுடன் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வெட்டுதான். மூன்றாவது கிரெயின், அதாவது வெள்ளித் துகள்களின் கூட்டம். என் அனுபவத்தில் முதல் இரண்டும் சரியாக அமைந்தால் கிரெயின் துளியும் இல்லாத படம்கூட பிலிம்போலத் தோன்றும்.

எந்த மென்பொருள் நல்லது? காசு போட்டு வாங்கணுமா?

தேவையில்லை. டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் மூன்றும் இலவசம். கிம்ப்பில் மோனோ மிக்சர் என்ற கருவியில் செம்பருத்திக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். டார்க்டேபிளில் நிறத்தைச் சாம்பலாக்கும் பகுதியோடு தனி கிரெயின் கருவியும் இருக்கிறது. காசு கொடுப்பவர்களுக்கு ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிர்ந்த சாம்பலாகும் என்பதை இழுத்து மாற்ற லைட்ரூமில் எட்டு நிற ஸ்லைடர்கள், போட்டோஷாப்பின் பிளாக் அண்ட் ஒயிட் லேயரில் ஆறு.

சில்வர் எஃபெக்ஸ் இந்த வேலைக்கென்றே வந்தது. நிக் நிறுவனம் உருவாக்கியது. 2012இல் கூகுள் வாங்கி, 2016இல் இலவசமாகக் கொடுத்தது. 2017இல் டிஎக்ஸ்ஓ கைக்குப் போய் மறுபடி காசுக்கு வந்துவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் ஏற்கெனவே கையில் இருக்கும் மென்பொருளில் ஐம்பது படங்களையாவது மாற்றிப் பார்க்காமல் இதை வாங்க வேண்டாம். எதைத் தேடுகிறீர்கள் என்பதே அதற்குப் பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

கேமராவிலேயே மோனோகுரோம் வச்சு எடுத்துடலாமா?

ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் தாராளமாக வையுங்கள். திரையில் கருப்பு வெள்ளை தெரியும், கோப்புக்குள் கலர் பத்திரமாக இருக்கும். எடுக்கும்போதே நிறத்தை மறந்து வெளிச்சத்தையும் நிழலையும் பார்க்கக் கண் பழகும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கேமராவே முடித்துச் சுருக்கித் தரும் ஜேபெக் மட்டும் எடுத்தால் கலர் போனது போனதுதான். முதல் பதிலில் சொன்ன தேர்வு எதுவும் பிறகு கிடைக்காது. ராவில் கலர் இருக்கும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: 2012இல் வந்த லைக்கா எம் மோனோகுரோம் போன்ற கேமராக்களின் சென்சார் மேல் வண்ண வடிகட்டியே கிடையாது. அவற்றின் ரா கோப்பிலும் கலர் இருக்காது; பிலிம் காலத்தைப் போல லென்ஸ் முன்னால் கண்ணாடி ஃபில்டர் போட்டுத்தான் நிறங்களைப் பிரிக்க வேண்டும்.

என்கிட்ட பழைய ஜேபெக் படங்கள்தான் இருக்கு. அதுல செஞ்சா கெட்டுப்போகுமா?

செய்யலாம், அளவோடு. ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. வானம், வெறும் சுவர் போன்ற இடங்களில் கான்ட்ராஸ்டை ரொம்ப ஏற்றினால் அந்த 256 படிகள் விலகி, படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். இந்த இடத்தில் லேசான கிரெயின் உண்மையிலேயே கைகொடுக்கும். பட்டைகளின் விளிம்பை அது கலைத்துவிடும்.

அப்புறம் ஒன்று. மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். நான் ஒரு முறை ஒரு பயணத்தின் படங்கள் மொத்தத்தையும் அப்படி இழந்தேன். அன்றைய ரசனையில் செய்த அந்த அடர்த்தியான கருப்பு வெள்ளைதான் இன்று என்னிடம் மிச்சம். பிரதி எடுத்து, வேறு பெயரில் வையுங்கள்.

வானத்தைக் கருமையாக்க நீல ஸ்லைடரைக் கீழே இழுத்தா புள்ளி புள்ளியா வருது. மரத்தைச் சுத்தி வெள்ளைக் கோடும் தெரியுது. ஏன்?

பெரும்பாலான சென்சார்களில் பாதிக் கட்டங்கள் பச்சைக்கு. சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் பங்கு வீதம்தான். நீலத்தில் தகவல் குறைவு, இரைச்சல் (படத்தில் வரும் வேண்டாத புள்ளிகள்) அதிகம். ஸ்லைடரை இழுக்க இழுக்க அந்த இரைச்சல் பெரிதாகிறது. இலையும் வானமும் சந்திக்கும் ஓரப் புள்ளிகள் முழு நீலமும் இல்லை, முழுப் பச்சையும் இல்லை. ஸ்லைடர் அவற்றைப் பிடிக்காமல் விட்டுவிடுவதால் அங்கே வெள்ளைக் கோடு நிற்கிறது. பெரும்பாலான ஜேபெக்குகளில் நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்துச் சேமிப்பதால் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

பிலிமில் இந்தச் சிக்கல் கிடையாது. சிவப்புக் கண்ணாடியை லென்ஸ் முன்னால் போட்டால் நீல ஒளி பிலிமைத் தொடுவதே இல்லை. 1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டார். தான் மனத்தில் கண்ட இருண்ட வானம் அதில் வராது என்று தோன்ற, கடைசி நெகட்டிவ் தகட்டில் அடர்சிவப்பு ஃபில்டருக்கு மாறினார். கருத்த வானமும் அதன் முன் எழுந்து நிற்கும் பாறையும் அப்படிக் கிடைத்தவை.

கணினியில் அந்த அளவுக்குப் போக வேண்டுமானால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் கலர் இரைச்சலைக் குறையுங்கள். நீல ஸ்லைடரைப் பாதிக்கு மேல் இழுக்க வேண்டாம். மீதிக் கருமையை மேலிருந்து கீழாகக் கரையும் மாஸ்க் (திருத்தம் ஒரு பகுதியில் மட்டும் படும்படி தடுக்கும் மறைப்பு) வைத்து எக்ஸ்போஷரில் குறையுங்கள். படத்தை 100% பெரிதாக்கி, மரக்கிளைகளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

முகங்கள் மட்டும் சரியாவே வரமாட்டேங்குது. ஒண்ணு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி, இல்லேன்னா மண் பூசின மாதிரி. என்ன பண்ணலாம்?

வெளிர்தோலோ கருந்தோலோ, எந்த முகமும் மென்பொருளின் கண்ணில் ஆரஞ்சுப் பகுதியில்தான் வரும், ஓரளவு சிவப்பிலும். ஆரஞ்சை ஏற்றினால் தோல் வெளுக்கும், பரு, தழும்பு மறையும். மேலும் ஏற்றினால் உதடும் கன்னமும் ஒன்றாகி முகம் சுண்ணாம்புச் சுவராகும். இறக்கினால் ஒவ்வொரு சுருக்கமும் எழுந்து நிற்கும். ஒரு முதியவரின் முகத்துக்கு அது அழகு, குழந்தைக்குக் கொடுமை.

மாநிற, கருநிற முகங்களைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. படம் இருட்டாக இருக்கிறதே என்று ஆரஞ்சை ஏற்றி அந்த முகங்களை வெளுப்பாக்காதீர்கள். கருந்தோலின் அழகு நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் வந்து உட்காரும் ஒளியில் இருக்கிறது. ஆரஞ்சை அப்படியே விட்டு, அல்லது 5, 10 குறைத்து, முகத்துக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு, மென்பொருளின் வளைகோட்டுக் கருவியில் (கர்வ்ஸ்) மேல் கால் பகுதியைச் சற்று உயர்த்துங்கள். தோல் தன் நிறத்திலேயே இருக்கும், அதன் மேல் ஒளி மட்டும் எழும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் படத்தில் இதை முதலில் செய்து பார்த்தேன். அதுவரை பிரீசெட் (மென்பொருளில் முன்கூட்டியே அமைத்து வைத்த தோற்றம்) பூசிய மண் விலகி, மூக்குத்தியைச் சுற்றியிருந்த நிழல்கூடத் தனியாகத் தெரிந்தது.

ஆர்த்தோ பெயருள்ள பிரீசெட்டுகளை இத்தகைய முகங்களில் போட வேண்டாம். சிவப்புத் தெரியாத பிலிமின் நகல் அது; தோல் தேவைக்கு மேல் கருத்துவிடும்.

டிரை-எக்ஸ் பிரீசெட் போட்டா நிஜமாவே டிரை-எக்ஸ் மாதிரி வருமா?

அந்தக் குடும்பத்துச் சாயல் வரும். கோடக் டிரை-எக்ஸ் 1954இல் 35 மிமீ சுருளாக வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் 'டிரை-எக்ஸ் தோற்றம்' என்று ஒன்றே ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதே சுருளை டி-76 என்ற கழுவும் ரசாயனத்தில் கழுவினால் ஒரு மாதிரி, ரோடினால் என்ற இன்னொன்றில் கழுவினால் கிரெயின் கூர்மையாகி வேறு மாதிரி. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) 400 உள்ள பிலிமை 1600ஆக வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவினால் நிழல்களில் விவரம் போய், கான்ட்ராஸ்ட் ஏறி, முரட்டுத்தனமாக வரும். பிரீசெட் செய்தவர் இவற்றில் ஏதோ ஒன்றைப் பார்த்து அளந்திருப்பார்.

அவர் கையில் இருந்த படத்தின் வெளிச்சமும் உங்கள் படத்தின் வெளிச்சமும் வேறு. அதனால் பிரீசெட்டைப் போட்டவுடன் நிறுத்தாமல், எக்ஸ்போஷரையும் நிற ஸ்லைடர்களையும் உங்கள் படத்துக்கு ஏற்றபடி திருத்துங்கள். ஒயிட் பேலன்ஸையும் (ஒளியின் நிறச் சாய்வைச் சரிசெய்யும் அமைப்பு) நகர்த்திப் பாருங்கள். கலர் இல்லாத படத்தில் அதற்கென்ன வேலை என்று தோன்றும். ஆனால் சாம்பலாவதற்கு முன்னால் நிறங்களின் அளவையே மாற்றுவது அதுதான்.

கருப்பு முழுக்கக் கருப்பா இருக்கணுமா, இல்ல கொஞ்சம் வெளுத்து இருக்கணுமா?

வெளுத்த கருப்பு இப்போதைய மோஸ்தர். நன்றாகப் போட்ட வெள்ளி பிரிண்டில் கருப்பு ஆழமாகவே இருக்கும், அதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். படத்தில் ஓரிடத்திலாவது, ஒரு கதவிடுக்கு அளவாவது, முழுக் கருப்பு இருந்தால் மற்றச் சாம்பல்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். பனி, மழை மாதிரியான படங்களில் மட்டும் நான் இதைத் தளர்த்துவேன்.

வெள்ளைப் பக்கம் இன்னும் கவனம் தேவை. நெகட்டிவ் பிலிமில் நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் வைப்போம், டிஜிட்டலில் வெளிச்சத்தைப் பார்த்து வைக்க வேண்டும். இரண்டாவது பதிலில் சொன்ன வெட்டு நேர்ந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வெட்டாமல் எடுத்த படத்தில், வளைகோட்டின் மேல் முனையைச் சற்று வளைத்துவிட்டால் பிலிமின் மென்மை வந்துவிடும்.

கிரெயின் எவ்வளவு போடறது? போட்டாலும் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கு.

படத்தைக் கடைசியாக எந்த அளவில் பார்க்கப் போகிறீர்களோ, அந்த அளவுக்குச் சுருக்கிய பிறகு போடுங்கள். 6000 பிக்சல் அகலத்தில் போட்டுவிட்டு 1500க்குச் சுருக்கினால் பதினாறு பிக்சல்கள் ஒன்றாகக் கலக்கும். பிக்சல் அளவுக் கிரெயினின் வலு கால் பங்காகிவிடும். அதனால்தான் பலர் ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

பிளாஸ்டிக் உணர்வுக்குக் காரணம் கிரெயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருப்பது. பிலிம் பிரிண்டில் கிரெயின் நடுச் சாம்பலில் நன்றாகத் தெரியும். அடர்கருப்பிலும் வெறும் வெள்ளையிலும் அடங்கிவிடும். மென்பொருளில் நடுநிறங்களுக்கு மட்டும் என்ற வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் மாஸ்க் போடுங்கள். முன்னதாக ஷார்ப்னஸையும் குறையுங்கள். ஊசிமுனைக் கூர்மையின் மேல் தூவிய கிரெயின், கண்ணாடியில் ஒட்டிய தூசி மாதிரி தனியாக நிற்கும். எவ்வளவு என்றால், கை நீட்டும் தூரத்தில் பார்க்கும்போது கிரெயின் இருப்பதே தெரியக் கூடாது, அணைத்தால் ஏதோ குறைந்ததுபோல இருக்க வேண்டும்.

அதிக ஐஎஸ்ஓ வச்சு எடுத்தா வர்ற இரைச்சலே கிரெயின்தானே? தனியா எதுக்குப் போடணும்?

இரண்டும் இருக்கும் இடம் வேறு. இரைச்சல் நிழல்களில் மொய்க்கும், கிரெயின் நடுநிறங்களில் வாழும். இரைச்சலில் நிறப்புள்ளிகளும் கலந்திருக்கும். நிற ஸ்லைடர்களைத் தொட்டால் அவை திட்டுத் திட்டாக மாறும். கலர் இரைச்சலை மட்டும் நீக்குங்கள். மீதியுள்ள வெளிச்ச இரைச்சல் பெரும்பாலும் கண்ணை உறுத்தாது, அதை அப்படியே விட்டு மேலே லேசாகக் கிரெயின் சேர்த்தால் இரண்டும் ஒன்றிவிடும்.

வாட்ஸாப்பில் அனுப்பினா கிரெயின் எல்லாம் சேறு மாதிரி ஆயிடுது.

சுருக்கும் முறைக்குக் கிரெயின் ஆகாது. நுண்ணிய, ஒழுங்கற்ற புள்ளிகளைத்தான் அது முதலில் தூக்கி எறியும். படத்தை ஆவணமாக அனுப்புங்கள். முடியாதென்றால் கிரெயினின் அளவைச் சற்றுப் பெரிதாக்கி, வலுவைக் குறைத்து ஒரு தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கீறல், தூசி, கருப்பு ஓரம் எல்லாம் சேர்த்தா இன்னும் நல்லா இருக்குமே?

நான் சேர்ப்பதில்லை. இருட்டறையில் ஒரு தூசி விழுந்தாலே நுனித்தூரிகையும் சாயமும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அதை மறைப்போம். கீறல் விழுந்த நெகட்டிவ் எங்களுக்கு இழப்பு. கருப்பு ஓரத்துக்கு மட்டும் ஒரு காரணம் இருந்தது: நெகட்டிவை வெட்டாமல் முழுச் சட்டத்தையும் அச்சிட்டேன் என்று அது சொல்லும். வெட்டிச் சீராக்கிய படத்துக்கு அந்த ஓரம் போட்டால் பொய்யாகிவிடும்.

பிரிண்ட் போட்டா பச்சையா, இல்லேன்னா ஊதாவா தெரியுது. கருப்பு வெள்ளைக்கு எப்படி நிறம் வருது?

கலர் மைகளையே கலந்து சாம்பலை உண்டாக்குவதால். கலவை இம்மி பிசகினாலும் சாம்பல் சாயும், கலர் படத்தில் கவனிக்காத அந்தச் சாய்வு இங்கே பளிச்சென்று தெரியும். இரண்டு மூன்று சாம்பல் மைகள் உள்ள பிரிண்டரில் இது குறையும். வெளியே கொடுத்துப் போடுவதானால் சின்ன அளவில் ஒன்று சோதனைக்குப் போடச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முழு நடுநிலைச் சாம்பலுக்குப் பதிலாக மிக லேசான, பழுப்பு சாய்ந்த டோன் (படம் முழுக்கப் படரும் மெல்லிய நிறம்) கொடுத்துவிட்டால் சிறு பிசகுகள் அதில் மறையும். காகிதம் திரையைப் போல ஒளி விடாது என்பதால் நிழல்களையும் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிச் செய்யறது ஏமாத்து வேலை இல்லையா?

பிலிமில் எடுத்தது என்று சொன்னால் ஏமாற்று. பழைய படம் என்று நம்ப வைத்தால் பெரிய ஏமாற்று. மற்றபடி, சிவப்பு ஃபில்டர் போடுவதும், பிரிண்ட் போடும்போது கையால் நிழல் காட்டி ஓரிடத்தை வெளுப்பாக்குவதும் அன்றும் நடந்தவைதான். யாராவது கேட்டால் எப்படிச் செய்தேன் என்று நான் முழுதாகச் சொல்லிவிடுவேன்.

அப்பா பிலிம் கேமராவில் எடுத்த பழைய படங்களையும் நான் இப்ப எடுத்ததையும் ஒரே ஆல்பத்தில் வைக்கணும். ஒட்டுமா?

ஒட்டும். பழைய பிரிண்டை ஸ்கேன் செய்து மென்பொருளில் திறந்து, அதன் மிக இருண்ட இடத்தையும் மிக வெளுத்த இடத்தையும் தொட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 24, 236 என்று வந்தால், உங்கள் படத்தின் வளைகோட்டில் கீழ்முனையை 24க்கும் மேல்முனையை 236க்கும் கொண்டுவாருங்கள். முழுக் கருப்பு பற்றி முன்பு சொன்னதை இங்கே தளர்த்தலாம். காலம் வெளுக்க வைத்த படத்தோடு அது உட்காரப் போகிறது. அந்தக் காகிதத்தின் மஞ்சளையும் புள்ளி தொட்டு எடுத்து டோனாகப் போடுங்கள்.

கிரெயினை எண்ணைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். இரண்டையும் ஆல்பத்தில் வரப்போகும் அதே அளவில் அச்சிட்டு, அருகருகே மேசையில் வைத்துப் பாருங்கள். பழையதில் முகத்தின் ஓரங்கள் எவ்வளவு மென்மையாக இருக்கின்றனவோ அந்த அளவுக்கு உங்கள் படத்தின் கூர்மையையும் இறக்க வேண்டியிருக்கும். அப்பாவின் படத்தில் எதையும் திருத்தாதீர்கள், அதன் மூலையில் இருக்கும் விரல் ரேகை உட்பட.